வன்னிக் கூத்து ஆய்வை எங்கே வெளியிடுவது?

முதுதத்துவமாணி (எம்.பில்.) ஆய்வேட்டைக் கட்டி ஒப்படைத்த அடுத்த கிழமையே முல்லைத்தீவுக்குப் பஸ் ஏறினேன். கோவலன் கூத்தின் தருக்களை, அதாவது கூத்துப் பாட்டுகளை, மூன்று வருடமாகப் பாடித் தந்த கூத்து ஆசிரியரான அண்ணாவியாருக்கு நன்றி சொல்லத்தான் போனேன். அவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, நான் பாடினது எல்லாம் இப்ப எங்க கிடக்கு? எங்கட பிள்ளையள் எடுத்துப் பார்க்கேலுமோ?"

யாழ்ப்பாணத்தில், பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது ஐயா என்றேன். அங்கே போய் அனுமதி எடுத்து, மேசையில் இருந்து வாசிக்கலாம். வெளியே கொண்டுபோக முடியாது. ஒட்டுசுட்டானில் இருந்து ஒரு பிள்ளை அதைப் பார்க்க வேண்டும் என்றால் விடியப் புறப்பட்டு இருட்டித்தான் வீடு திரும்பும். அவர் பதில் சொல்லவில்லை. மத்தளத்துத் தோலை விரலால் தடவிக்கொண்டு இருந்தார்.

அதற்குப் பிறகு அந்த ஆய்வின் பகுதிகளைப் பல வழிகளில் வெளியிட முயன்றிருக்கிறேன். சிலது சரிவந்தது, சிலது காசோடு போனது. இப்போது வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் தமிழோ வரலாறோ படித்து முடிக்கும் இளையவர்கள் "சேர், கட்டுரையை எங்க அனுப்புறது?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட, வழிகளை ஒன்றோடு ஒன்று வைத்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் நாம் நிற்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். வவுனியா வளாகம் 2021 ஆகஸ்ட் 1 இல் தனிப் பல்கலைக்கழகம் ஆனது. பிரயோக விஞ்ஞானம், வணிகம், தொழில்நுட்பம் என்று மூன்று பீடங்களுடன் அது தொடங்கியது. கலைப்பீடம் அதில் இல்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்பப் பீடங்கள் இருக்கின்றன. அங்கும் இலக்கியத்துக்கு இடமில்லை. ஆகவே வன்னியில் இருந்துகொண்டு இலக்கியமோ நாட்டாரியலோ ஆய்வு செய்பவருக்கு, பக்கத்து அறையில் ஒரு பதிப்பாசிரியர் இருக்க மாட்டார். எதுவும் வெளியூரில்தான். இதை மனதில் வைத்துத்தான் கீழே உள்ளவற்றை எடைபோடுகிறேன்.

பெரும்பாலானோர் முதலில் யோசிப்பது கலைப்பீட ஆய்விதழ்களைத்தான். யாழ்ப்பாணக் கலைப்பீடத்தின் 'சிந்தனை', தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கலை கலாசார பீடத்தின் 'கலம்' போன்றவை தமிழில் எழுதிய கட்டுரையையும் ஏற்கின்றன. கட்டுரை மதிப்பீட்டாளருக்குப் போய், குறிப்புகளோடு திரும்பி வரும். இந்தக் குறிப்புகள்தான் இந்த வழியின் உண்மையான பெறுமதி என்று நான் நினைக்கிறேன். என் கட்டுரை ஒன்றில், முல்லைத்தீவுக் கூத்து முறையான முல்லைமோடித் தருக்களின் தாளம் வேறு ஊர்க் கூத்துகளில் இருந்து வேறுபடுகிறது என்று அடித்துச் சொல்லியிருந்தேன். "எந்த ஊர், யார் பாடியது, எந்த வருடப் பதிவு?" என்று மதிப்பீட்டாளர் மூன்றே கேள்வி கேட்டார். பதில் தேடப் போனபோது நான் ஒப்பிட்டது ஒரேயொரு ஒலிநாடாவோடு மட்டும் என்பது எனக்கே உறைத்தது. திருப்பி எழுத நான்கு மாதம் எடுத்தது. அந்த நான்கு மாதமும் வீண் இல்லை.

குறையும் உண்டு. இதழ் வெளிவருவது தாமதமாகலாம். தமிழ்க் கூத்து ஆய்வு சின்ன வட்டம் என்பதால் பெயரை மறைத்து அனுப்பினாலும் எழுதியது யார் என்று மதிப்பீட்டாளர் ஊகித்துவிடுவார், அவர் யார் என்று நாமும் ஊகிப்போம். அதற்காக மனம் கசக்கத் தேவையில்லை. கேள்வி நியாயமானதா என்று மட்டும் பாருங்கள்.

அடுத்தது காசு கட்டி வெளியிடும் இதழ்கள். இதில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் ஏமாறுபவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்றவர்கள்தான். அவசரத்தில் இருப்போம், வழிகாட்டி தூரத்தில் இருப்பார். விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பிக்க ஒரு கட்டுரையாவது வேண்டியிருக்கும். அப்போது மின்னஞ்சலில் ஒரு அழைப்பு வரும். சர்வதேசப் பன்முக ஆய்விதழ், இரண்டே கிழமையில் வெளியீடு, சான்றிதழும் உண்டு. நானும் ஒருமுறை அனுப்பினேன். மூன்றாம் நாளே ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. ஒரு எழுத்துப்பிழைகூடத் திருத்தப்படவில்லை. மத்தளம் என்று நான் எழுதிய இடத்தில் அவர்களுடைய எழுத்துரு மாற்றத்தில் வெறும் பெட்டிகள் வந்திருந்தன, அதையும் அப்படியே ஏற்றியிருந்தார்கள். இரண்டு வருடம் கழித்து அந்தத் தளமே இல்லை. இப்போது அந்தக் கட்டுரையை வேறு இதழுக்கும் கொடுக்க முடியாது, ஏனென்றால் அது "ஏற்கெனவே வெளியானது". ஒரு அத்தியாயத்தின் உழைப்பு அப்படியே போனது. அதை நினைக்கும்போதெல்லாம், அண்ணாவியார் பாடிய பன்னிரண்டு தருக்களையும் சேர்த்தல்லவா தொலைத்தேன் என்று நெஞ்சு நோகும்.

தமிழ்நாட்டில் வரும் ஆய்விதழ்கள் எல்லாவற்றையும் இதில் சேர்க்கக் கூடாது. அங்கே நல்லவை இருக்கின்றன. ஆனால் பார்த்து அனுப்ப வேண்டும். இந்தியப் பல்கலைக்கழக மானியக்குழு 2019 இல் தரமான இதழ்களுக்கென்று 'கேர்' பட்டியலைத் தொடங்கியது. அதில் இருந்த இதழ்களின் பெயரிலேயே போலித் தளங்கள் முளைத்தன. 2025 இல் மானியக்குழுவே அந்தப் பட்டியலைக் கைவிட்டுவிட்டது. ஆகவே "நாங்கள் கேர் பட்டியலில் உள்ளோம்" என்ற வரியை இன்று ஒரு இதழின் முகப்பில் பார்த்தால் அது எதையும் உறுதி செய்வதில்லை. ஐ.எஸ்.எஸ்.என். எண் இருக்கிறதே என்பார்கள். அது எட்டு இலக்க அடையாள எண், அவ்வளவுதான். வாகனத்துக்கு இலக்கத்தகடு இருப்பதால் சாரதிக்கு ஓட்டத் தெரியும் என்று ஆகாது.

என்ன பார்க்க வேண்டும்? மூன்று வருடத்துக்கு முந்திய இதழ் இன்றும் திறக்கிறதா என்று பாருங்கள். கட்டுரையின் நிரந்தர இணைய அடையாளமான டி.ஓ.ஐ. எண் கொடுத்திருந்தால் அதை அழுத்தி, கட்டுரைக்கே போகிறதா என்று பாருங்கள். ஆசிரியர் குழுவில் பெயர் உள்ள ஒருவருக்கு அவருடைய பல்கலைக்கழக முகவரிக்கு எழுதி, "நீங்கள் உண்மையில் இதில் இருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நான் ஒருமுறை கேட்டபோது, தன் பெயர் அங்கே இருப்பதே தெரியாது என்று பதில் வந்தது.

ஆங்கிலத்தில் எழுதி வெளிநாட்டு இதழுக்கு அனுப்புவது மூன்றாவது வழி. இதைப் பற்றி நம்மிடையே இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சிக்கு, ஸ்கோபஸ் என்ற சர்வதேச ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் வராதது ஆய்வே இல்லை. மற்றக் கட்சிக்குத் தமிழ் ஆய்வை ஆங்கிலத்தில் எழுதுவது துரோகம். இரண்டும் சரியில்லை. தனிநாயகம் அடிகள் 1952 இல் 'தமிழ் கல்ச்சர்' இதழை ஆங்கிலத்தில்தான் தொடங்கினார். தமிழ் தெரியாத அறிஞர்களும் தமிழைப் பற்றிப் பேசத் தொடங்கியதில் அந்த இதழுக்குப் பெரிய பங்கு உண்டு. வன்னியைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் இன்றும் ஜே. பி. லூயிஸ் 1895 இல் எழுதிய வன்னி மாவட்டக் கையேட்டைத்தான் முதலில் எடுக்கிறார்கள். ஒரு பிரித்தானிய நிர்வாகியின் கண்ணால் பார்த்த வன்னி அது. அதற்குப் பக்கத்தில் வைக்க நம்முடைய கண்ணால் எழுதியது ஆங்கிலத்திலும் வேண்டும்தானே.

ஆனால் செலவைத் தெரிந்துகொள்ளுங்கள். நான் காசைச் சொல்லவில்லை. அதுவும் உண்டு, சில இதழ்கள் திறந்த அணுக்கத்துக்கு, அதாவது யாரும் இலவசமாக வாசிக்க விடுவதற்கு, பெரிய தொகை கேட்கும், கேட்டால் சிலர் விலக்கும் தருவார்கள். பெரிய செலவு விளக்கத்தில்தான் இருக்கிறது. 'வரவுத்தரு' என்று தமிழில் ஒரு சொல்லில் சொல்லிவிட்டுப் போகலாம். ஆங்கிலத்தில் அது பாத்திரம் களரிக்குள் நுழையும்போது பாடுவது என்று சொல்ல வேண்டும். அப்புறம் களரி என்றால் என்ன, அண்ணாவியார் எங்கே நிற்பார், பிற்பாட்டு யார் பாடுவார் என்று எல்லாம் சொல்ல வேண்டும். எட்டாயிரம் சொல் கட்டுரையில் இரண்டாயிரம் அதற்கே போய்விடும். மிஞ்சிய இடத்தில் சொல்ல வந்த விடயத்தைச் சுருக்க வேண்டியிருக்கும். அதனால் தமிழ்க் கட்டுரையை அப்படியே மொழிபெயர்த்து அனுப்பாதீர்கள். வெளியில் உள்ள வாசகருக்கு என்ன கேள்வி இருக்குமோ, உதாரணமாகக் கண்ணகி வழிபாடும் கூத்தும் எப்படிச் சேர்ந்தன என்பது, அதை வைத்து வேறு கட்டுரையாக எழுதுங்கள். முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கேற்றும் வழக்கத்தில் இருந்து தொடங்கினால் எந்த ஊர் வாசகரும் கூட வருவார்.

இந்த இடத்தில் ஒரு பழைய சோடியை நினைவுபடுத்த வேண்டும். கைலாசபதியும் சிவத்தம்பியும் பேர்மிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்சனிடம் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்தவர்கள். இருவரும் ஆங்கிலத்தில்தான் எழுதினார்கள். கைலாசபதியின் வீரயுகக் கவிதை ஆய்வை ஒக்ஸ்போர்ட் 1968 இல் நூலாக்கியது. சிவத்தம்பியின் பண்டைத் தமிழ் நாடக ஆய்வு 1970 இல் முடிந்து, 1981 இல்தான் சென்னை நியூ செஞ்சுரி புத்தக நிலையம் வழியாக நூலானது. ஒன்று உலகப் புகழ் பெற்ற பல்கலைக்கழகப் பதிப்பகம், மற்றது சென்னையின் இடதுசாரிப் பதிப்பகம். இன்று தமிழ் நாடகத்தைப் பற்றி எழுதுகிறவர் எவரும் சிவத்தம்பியைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. பதிப்பகத்தின் பெயர் கதவைத் திறக்கும், உள்ளே போய் நிற்பதற்கு நூல்தான் வேண்டும் என்பதை நான் இந்த இரண்டு பேரிடம் இருந்துதான் விளங்கிக்கொண்டேன்.

மாநாட்டுக் கட்டுரைத் தொகுப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. போங்கள், பேசுங்கள், ஆட்களைச் சந்தியுங்கள். சுருக்கத்தை மட்டும் கொடுத்துவிட்டு முழுக் கட்டுரையை இதழுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நூல் வெளியிடுவது நமது ஊரில் தனி மகிழ்ச்சி. மண்டபம், மங்கல விளக்கு, முதற்பிரதி, சிறப்புப் பிரதி, என்வலப்புக்குள் ஆயிரமும் ஐயாயிரமும். அச்சுச் செலவில் ஒரு பங்கு அன்றைக்கே வந்துவிடும். ஊரில் எழுதுகிறவனை ஊரே தாங்குகிற அந்த வழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். கூத்து ஆடியவர்களின் பிள்ளைகள் வந்து புத்தகத்தை வாங்கித் தகப்பன் படம் எந்தப் பக்கத்தில் என்று தேடுவதைப் பார்த்தவருக்கு, வேறு எந்த இதழும் அதைத் தராது என்று தெரியும். முழுத் தருக்களையும், பாடபேதங்களோடு, படங்களோடு போடவும் நூலில்தான் இடம் கிடைக்கும்.

ஆனால் முந்நூறு பிரதி அடித்தால், விழாவில் நூற்றைம்பது போகும். மிச்சம் வீட்டு அலுமாரியில். சென்னைப் பதிப்பகம் ஒன்று எடுத்தால் பரவல் கூடும், அங்கே கண்காட்சிகளில் விற்கும். ஆனால் அங்கே அச்சான நூல் முல்லைத்தீவுக்கு வரும்போது விலை கட்டுப்படியாகாது. சொந்தமாக அடிப்பவர்கள் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் நூலுக்குரிய அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். எண்ணை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். இலங்கை நூல் என்றால் 978க்குப் பிறகு 955 அல்லது 624 வரும். எண் இல்லாத நூலை நூலகப் பட்டியலில் தேடிப் பிடிப்பது கடினம். பல்கலைக்கழகத்தில் பதவி உயர்வுக்கு மதிப்பிடும்போதும், மதிப்பீட்டாளரைக் கடக்காத சொந்த நூலுக்கு ஆய்விதழ்க் கட்டுரைக்கு உள்ள நிறை கிடைப்பது அரிது. அதனால் இதழில் இரண்டு மூன்று கட்டுரைகள் வந்த பிறகு, அவற்றில் கேட்ட கேள்விகளால் திருந்திய நூலைப் போடுவது நல்லது என்பேன்.

கடைசி வழி இணையம். இலங்கை இதழ்களுக்கென்று தேசிய விஞ்ஞான மன்றம் நடத்தும் இலங்கை ஜேர்னல்ஸ் ஒன்லைன் இருக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கும் தத்தம் களஞ்சியங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம (டிஜிட்டல்) நூலகம். நமது பழைய சஞ்சிகைகள், நினைவு மலர்கள், கூத்துக் கொப்பிகள் என்று ஆயிரக்கணக்கில் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. வன்னியில் இதன் அருமை வேறு எந்த இடத்தையும் விடக் கூடுதலாக விளங்கும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. 2009 இல் போரின் முடிவில் இங்கே வீடு வீடாக, பங்கர் பங்கராகப் போனதற்குக் கணக்கே எடுக்கப்படவில்லை. எனக்குத் தருக்கள் தந்த அண்ணாவியாரின் தகப்பன் கையால் எழுதிய கூத்துக் கொப்பி மாத்தளனுக்குப் போகும் வழியில் ஒரு சூட்கேசோடு விடுபட்டது. அவர் எனக்குப் பாடியது நினைவில் இருந்துதான். ஒரே இடத்தில் ஒரே பிரதி என்பது எவ்வளவு ஆபத்து என்று நமக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

இணையத்தில் போட்டால் மதிப்பீடு கிடைக்காது. அது வெளியீட்டுக்கு மாற்று இல்லை, வெளியீட்டின் காவல். ஆகவே மற்ற வழிகளோடு இதை வைத்து ஒன்றைத் தெரிவு செய்யும் விடயமே இல்லை. எந்த வழியில் போனாலும் இதையும் செய்ய வேண்டும். இதழோடு கையெழுத்திடும் உடன்படிக்கையில், கட்டுரையின் பிரதி ஒன்றைக் களஞ்சியத்தில் வைக்கும் உரிமை நமக்கு இருக்கிறதா என்று மட்டும் வாசித்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள். பாடியவரின் சம்மதமும் முக்கியம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் வெளிப்பாடுகளுக்கும் பாதுகாப்புத் தருகிறது. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஒருவர் திண்ணையில் இருந்து பாடியதை உலகம் முழுக்கத் திறந்துவிடப் போகிறோம் என்றால், அவருக்கு அதை விளக்கிச் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

எந்த வழியானாலும் கெடுக்கக்கூடிய ஒரு சின்ன விடயம் இருக்கிறது. எழுத்துரு. நமது அச்சகங்களிலும் பல்கலைக்கழக அலுவலகங்களிலும் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துரு ஓடுகிறது. பாமினியில் தமிழ் என்று அடிக்க, விசைப்பலகையில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தட்டுவோம். திரையில் தமிழ் என்று அழகாகத் தெரியும். ஆனால் கோப்புக்குள் கிடப்பது அந்த நான்கு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும்தான். அதைப் பிடிஎஃப் ஆக்கி இணையத்தில் ஏற்றினால், கூகுளில் 'முல்லைமோடி' என்று தேடும் பிள்ளைக்கு அந்தக் கட்டுரை ஒருநாளும் அகப்படாது. கட்டுரை இருக்கும், தேடுபவருக்கு இல்லை. கோப்புக்குள்ளும் தமிழாகவே கிடக்கும் யுனிகோடில் தாருங்கள் என்று இதழிடமும் அச்சகத்திடமும் கேளுங்கள். பக்கமாக்கிய பிறகு பிடிஎஃப்பைத் திறந்து ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். ஒரு நிமிடம்கூட எடுக்காது. நான் பார்த்தபோது என் சொந்தக் கட்டுரை இரண்டில் 'கொம்பு' எல்லாம் இடம்மாறிக் கிடந்தது. திருத்தித் தரும்படி கேட்டேன், திருத்தினார்கள்.

பெயரையும் பாருங்கள். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தரவுத்தளம் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்து, உங்கள் கட்டுரைகளை அப்பாவின் பெயரில் அடுக்கிவிடும். ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலைத் தெரிவு செய்து, ஆய்வாளருக்குரிய அடையாள எண்ணான ஓர்கிட் எண் ஒன்று இலவசமாக எடுத்து, முதல் கட்டுரையில் இருந்தே அதைப் போடுங்கள்.

சரி, நான் என்ன தெரிவு செய்தேன்? ஆய்வின் மையமான வாதத்தைத் தமிழில், மதிப்பீட்டாளரைக் கடந்து வரும் கலைப்பீட இதழுக்குக் கொடுத்தேன். யுனிகோடில், ஆங்கிலச் சுருக்கத்தோடு. ஆங்கிலச் சுருக்கத்தை ஏதோ சடங்காக எழுதாமல் ஒரு கிழமை எடுத்து எழுதினேன், ஏனென்றால் தமிழ் வாசிக்காத ஒருவர் என்னிடம் வந்து சேர அது ஒன்றுதான் வாசல். வற்றாப்பளை பற்றிய ஆங்கிலக் கட்டுரை தனியாக எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது, அவசரமில்லை. காசு கேட்கும் எந்த இதழுக்கும் இனி அனுப்புவதில்லை. தருக்கள் முழுவதும் நூலாக வரும், அதற்கு முன்பாகவே ஒலிப்பதிவுகளை எண்ணிம நூலகத்துக்குக் கொடுக்க அண்ணாவியாரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கியிருக்கிறேன். பதவி உயர்வு அவசரமாக வேண்டிய விரிவுரையாளர் ஒருவர் இந்த ஒழுங்கை மாற்றி, ஆங்கிலக் கட்டுரையை முன்னுக்கு எடுக்கலாம். அது அவருடைய நிலைமை, தவறில்லை. பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டு ஆய்வு செய்யும் என்னைப் போன்றவருக்கு, தமிழ் இதழ் முதலில் என்பதே பொருந்துகிறது.

மெய்ப்புப் பிரதி வந்த சனிக்கிழமை அதைப் போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டு அண்ணாவியார் வீட்டுக்குப் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கட்டுரையை விட்டுவிட்டுத் தருக்களை மட்டும் வாய்க்குள் பாடிப் பார்த்தார். மூன்றாவது தருவில் விரலை வைத்து, "இதில ஒரு அடி குறையுது தம்பி. நான் அண்டைக்கு மறந்துபோனன்" என்றார். பாடிக் காட்டினார். மெய்ப்பின் ஓரத்தில் அந்த அடியைப் பேனாவால் எழுதிக்கொண்டேன். திங்கட்கிழமை காலை அது பதிப்பாசிரியருக்குப் போய்விட்டது.